பச்சை வார்னிஷ் பொட்டு

இந்தக் கதையை நான் இருபத்தொன்பது வருஷமாக நம்பவில்லை சார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பாத கதையை எதற்கு எனக்குச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். உங்கள் கேமராதான் காரணம். திங்கட்கிழமை கொடுத்துவிட்டுப் போனீர்கள். இன்றைக்குப் புதன், ரெடியாக இருக்கும் என்று வந்திருக்கிறீர்கள். ரெடிதான். ஒரு கண்ணாடி மட்டும் இன்னும் உள்ளே போகவில்லை. அதோ, அந்த வெள்ளைத் துணிமேல் இருக்கிறதே, அதுதான். தொடாதீர்கள். அதை எந்தப் பக்கமாகப் போடுவது என்பதில் எனக்கு ஒரு சிக்கல். உட்காருங்கள். ஃபேனுக்கு நேராக வேண்டாம், தூசி பறக்கும். இப்படி வாருங்கள்.

அன்றைக்கு என்ன சொன்னீர்கள்? நடுவில் முகம் நன்றாக விழுகிறது, ஓரமெல்லாம் சுழன்றுகொண்டு போகிறது, முகத்தைச் சுற்றி வெளிச்சம் பூசின மாதிரி இருக்கிறது, இது லென்ஸ் கோளாறா, ஃபிலிம் கோளாறா என்று கேட்டீர்கள். நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். ஃபோகஸ் திருகும் குமிழில் ஒரு சிவப்புப் பொட்டு, நகப்பாலிஷ். யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டேன். பாளையங்கோட்டையில் ஒருவர் ஃபோனில் விளம்பரம் போட்டிருந்தார் என்றீர்கள். சரி, புதன்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

அது தளவாய் அண்ணாச்சியின் கேமரா சார், அந்தச் சிவப்புப் பொட்டை அவர் ஸ்டுடியோவில் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு விற்றது அவர் மகன்.

தளவாய் அண்ணாச்சி இந்த ஜங்ஷனில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். என்னைவிட இருபத்துமூன்று வயது மூத்தவர். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் அந்தக் காலத்தில் திருநெல்வேலியில் அவர்தான். நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்வதில் அவரை அடிக்க ஆள் கிடையாது என்பார்கள். பொய் சொல்வதிலும் அப்படித்தான். பாபநாசம் மேலே ஒரு புலியைப் படம் எடுத்தாராம், அது முகத்தைத் திருப்பிக் காட்டி நின்றதாம். படம் எங்கே அண்ணாச்சி என்றால், புலி கேட்டு வாங்கிட்டுப் போயிட்டு என்பார். அப்படிப்பட்ட மனிதர் சொன்ன கதையைத்தான் நான் நம்பவில்லை. நீங்களாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டீர்கள்.

தொண்ணூற்றிரண்டு வெள்ளம் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தாமிரபரணி ஊருக்குள் வந்தது. வடிந்த பிறகு ஸ்டுடியோக்காரர்கள் எல்லாரும் கேமராக்களைக் கோணிப்பையில் போட்டு என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. நாற்பத்தொரு கேமரா. ஒவ்வொன்றுக்குள்ளும் வண்டல். வண்டலைக் கழுவி முடிப்பதற்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. லென்ஸில் பூஞ்சை எப்படி வளரும் தெரியுமா, வேர் விட்டு, கிளை விட்டு வளரும். விட்டால் கண்ணாடியையே தின்றுவிடும். தின்ற கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால் குழி குழியாக, என் கன்னம் மாதிரி இருக்கும். இது ஆறு வயதில் அம்மை போட்டது. கண்ணாடிக்கு மருந்து உண்டு, கன்னத்துக்குக் கிடையாது. அதை விடுங்கள்.

நாற்பத்தொரு லென்ஸையும் பிரித்து, கண்ணாடிகளைச் செய்தித்தாளில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாகத் துடைத்து, உலர்த்தி, திரும்பப் பூட்டினேன். ஒரு கண்ணாடிகூட மாறவில்லை. மாறியிருக்காது. நான் அப்படி வேலை செய்கிறவன் இல்லை.

உங்கள் கேமராவில் இரண்டு கண் இருக்கிறது, பார்த்தீர்களா? மேல் கண் பார்ப்பதற்கு. கீழ்க் கண் எடுப்பதற்கு. நாம் குனிந்து மேலே தெரிகிற பிம்பத்தைப் பார்த்துச் சரி செய்வோம். ஃபிலிமில் விழுவது கீழ்க் கண் பார்த்தது. இரண்டும் ஒன்றையே பார்க்கிறது என்று நாம் நம்பிக்கொள்கிறோம், அவ்வளவுதான். அதனால் ரிப்பேர்காரன் கீழ்க் கண்ணைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் இருக்கும் இடத்தில் எண்ணெய்த்தாளை ஒட்டி, அதில் பிம்பம் விழுகிறதா என்று பார்ப்பேன். எப்போதும் பார்ப்பேன். அன்றைக்கும் பார்த்திருப்பேன்.

தளவாய் அண்ணாச்சி தினமும் வந்து நின்றார். "ஏல குத்தாலம், தை பொறந்தா பொண்ணுபிள்ளைய வரிசையா வரும்ல. எங் கேமராவ மொதல்ல குடு." என் பெயர் குற்றாலலிங்கம். முழுசாகக் கூப்பிடுவது ரேஷன் கடையில் மட்டும்தான்.

மார்கழிக் கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேர் ஆன கேமராவில் முதல் படம் ரிப்பேர் செய்தவனுடையதுதான். "ஒன் வேலைக்கு நீயே சாட்சி நில்லு" என்று ஸ்டூலில் உட்கார வைத்து ஒன்று எடுப்பார். சோதனைப் படம். அன்றைக்கும் உட்கார்ந்தேன். எடுத்தார். அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. கடையில் இன்னும் இரண்டு கோணிப்பை பிரிக்காமல் கிடந்தது. நாலு நாள் கழித்து வழியில் பார்த்து, படம் எப்படி அண்ணாச்சி என்று கேட்டேன். "பிரமாதம் ஏல" என்றார். அதோடு மறந்துவிட்டேன்.

அந்தத் தை மாதம் அவர் ஸ்டுடியோவுக்குப் பேர் வந்தது. அவர் எடுத்த படம் போனால் சம்பந்தம் முடிகிறது என்று. மேலப்பாளையத்திலிருந்து வந்தார்கள், தென்காசியிலிருந்து வந்தார்கள். முகத்தில் அப்படி ஒரு ஒளி. பின்னால் தொங்கும் திரைச்சீலை முகத்தைச் சுற்றிச் சுழல்கிற மாதிரி ஒரு மயக்கம். டச்சிங் மகிமை என்று ஊர் சொன்னது.

அதில் ஒரு படம் எங்கள் வீட்டுக்கும் வந்தது.

உலகம்மை என்று பெயர். தச்சநல்லூர். டைப் இன்ஸ்டிடியூட்டில் பாடம் எடுக்கிறாள், நாற்பது பேரை மேய்க்கிறாள் என்று தரகர் சொன்னார். நான் படத்தைப் பார்த்தேன் சார். லென்ஸ்காரன் நான், எவ்வளவு படம் பார்த்திருப்பேன். இருந்தாலும் அதைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். என் படம் ஒன்றும் அவர்கள் வீட்டுக்குப் போயிற்று. எந்தப் படம் என்று எனக்குத் தெரியாது, அதெல்லாம் அம்மா பார்த்துக்கொண்டாள். மாப்பிள்ளைப் படத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? வேலை என்ன, குடிப்பானா என்று கேட்பார்கள்.

பெண் பார்க்கப் போனோம். நான், அம்மா, மாமா, என் சிநேகிதன் இசக்கியப்பன். இசக்கியப்பன் மின்வாரியத்தில் இருந்தான், நல்ல நிறம், சுருட்டை முடி. காப்பித் தட்டோடு ஒரு பெண் வந்தாள். நான் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன், படத்தில் இருந்த பெண் வருவாள் என்று. பிறகுதான் வந்தவளே அவள்தான் என்று புரிந்தது.

தப்பாக நினைக்காதீர்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தாள், இப்போதும் இருக்கிறாள். ஆனால் படத்தில் இருந்தது வேறு. அந்த ஒளி இல்லை. புருவத்துக்கு மேலே ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது, படத்தில் அது இல்லை. அவளுக்கும் பாவம் பதற்றம். தட்டை முதலில் இசக்கியப்பனிடம் நீட்டிவிட்டாள். அவன் எடுத்துக்கொண்டான், மடையன். அவனைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தாள். அவள் அம்மா தோளைத் தட்டித் திருப்பிவிட்ட பிறகுதான் என் பக்கம் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தட்டைப் பிடித்த அவள் கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் இதைச் சொல்லிச் சிரிப்பேன். அவள் சிரிக்க மாட்டாள். கூச்சம்.

வைகாசியில் கல்யாணம்.

தொண்ணூற்றாறில் மகளுக்குக் காது குத்தினோம். பந்தியில் தளவாய் அண்ணாச்சி பாயசத்தை வைத்துக்கொண்டு, இரண்டு சம்பந்தி வீட்டாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். "குத்தாலம், ஒன் கல்யாணத்த நடத்தி வச்சது யாரு தெரியுமா? ஒன் ஸ்க்ரூ டிரைவர்."

என்ன அண்ணாச்சி என்றேன்.

"வெள்ளத்துக்குப் பொறவு எங் கேமராவத் தந்தல்லா. கீழ்க் கண்ணுல முன்கண்ணாடியத் திருப்பிப் போட்டுத் தந்துட்ட. மொத ரோலு கழுவும்போதே எனக்குத் தெரிஞ்சிட்டு. நல்லாத்தான இருக்குன்னு விட்டுட்டேன். அந்தத் தையில இருவத்தேழு கல்யாணம். அதுல ஒண்ணு ஒன்னது."

எல்லாரும் சிரித்தார்கள். என் மாமனார் புரையேறுகிற வரைக்கும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் சார், அன்றிலிருந்து அது உள்ளே உட்கார்ந்துகொண்டது. புலி கதை சொல்கிறவர் சொன்னதுதான். நம்ப வேண்டியதில்லை. நான் கண்ணாடியைத் திருப்பிப் போடுகிறவன் இல்லை. ஆனால் அந்த ஒளி எங்கிருந்து வந்தது? டச்சிங் என்றால் திரைச்சீலை ஏன் சுழல வேண்டும்? அவர் பொய் சொல்கிறார் என்றால், பொய் எப்படி இவ்வளவு சரியாகப் பொருந்துகிறது? அது நிஜம் என்றால் நான் யார்? என் தப்பிலேயே நான் வழுக்கி விழுந்து கல்யாணம் செய்துகொண்டவனா?

அடுத்த வாரத்திலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்னால் அதன் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு. கோடு இருக்கும் பக்கம் முன்பக்கம். இன்றுவரைக்கும் போடுகிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சும்மா ஒரு எண்ணம் வந்தது, போட்டேன்.

உலகம்மையிடம் நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். படத்தைப் பார்த்து ஏமாந்தவன் வேறு யாராவது என்றால் எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருப்பான். நான் முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. குழம்பில் உப்பு குறைந்தால், சரி, விடு, எவ்வளவோ விட்டுக்கொடுத்தாயிற்று என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அவளோடு சண்டை வந்தால் நான்தான் முதலில் இறங்கி வருவேன். என்னிடம் ஒரு பெருந்தன்மை உண்டு சார். அதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் போன பிறகு கடைக் கதவைச் சாத்திவிட்டு உங்கள் கேமராவைத் திறந்தேன். நான் பூட்டுகிற ஒவ்வொரு லென்ஸிலும், வளையத்தின் ஓரத்தில் பச்சை வார்னிஷில் ஒரு பொட்டு வைப்பேன். தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து. அது என் கையெழுத்து மாதிரி. வேறு யாராவது திறந்தால் பொட்டு உடைந்துவிடும், ஒட்ட வைக்க முடியாது. முன்வளையத்தைச் சுத்தம் செய்து லூப்பை, அந்தச் சின்னப் பூதக்கண்ணாடியை, வைத்துப் பார்த்தேன்.

பச்சைப் பொட்டு. முழுசாக. ஒரு கீறல் இல்லை.

பச்சை வார்னிஷ் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்று முதலில் நினைத்தேன். அப்படி நினைத்தபடியே ஒரு டீ குடித்தேன். திரும்பி வந்து பொட்டை உடைத்து, முன்கண்ணாடியை எடுத்து டியூப்லைட்டில் காட்டினேன். கொஞ்சம் அதிகமாகப் புடைத்த பக்கத்தில் விளக்கு சின்னதாகத் தெரியும், அடுத்த பக்கத்தில் பெரிதாகத் தெரியும். சின்னதாகத் தெரிகிற பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை சார்.

வீட்டுக்குப் போனேன். உலகம்மை சீரியல் பார்த்துக்கொண்டே பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். இனி மறைப்பது சரியில்லை என்று பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடி திரும்பிய கதையை விளக்கமாகச் சொன்னேன். கடைசியில், "இதுல ஒன் தப்பு ஒண்ணும் இல்ல" என்றேன்.

"எதுல?"

"அந்தப் போட்டோல."

"எம் போட்டோல என்ன தப்பு?"

"தப்புன்னு சொல்லல. நேர்ல பாக்கும்போது ஒரு வித்தியாசம் இருந்துச்சுன்னு சொல்லுதேன்."

டிவி சத்தத்தைக் குறைத்தாள். "ஏமாந்துட்டேன்னு சொல்லுதியளா?"

"நான் அதப் பெருசா எடுத்துக்கலை."

"முப்பது வருஷமாவா பெருசா எடுத்துக்காம இருக்கிய?"

ஆமாம் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நாங்கள் வாழ்ந்த இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பனங்கிழங்கு நார் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் அடங்கினதும், "பெரிய மனசுதான் ஒங்களுக்கு" என்றாள். மறுபடியும் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்குக் காப்பிய நான் மொதல்ல யாருக்கு நீட்டுனேன்?"

"இசக்கியப்பனுக்கு. பதட்டத்துல."

"பதட்டம். எனக்கு." நாற்பது பேரை மேய்த்த குரலில் சொன்னாள். "சரி, அப்படியே வச்சிக்கிடுங்க." டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

எதற்காக அதைக் கேட்டாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. நான் அதை அதிகம் யோசிக்கவும் இல்லை. எனக்கு வேறு கவலை. தளவாய் அண்ணாச்சியைப் பார்க்க வேண்டும், இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ஏன் என்னிடம் அன்றைக்கே சொல்லவில்லை? ஊர் முன்னால் வைத்து ஏன் சொன்னீர்கள், என் தொழிலுக்கு இது கௌரவமா?

நேற்றுக் காலை பாளையங்கோட்டை பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கழுவி எத்தனை நாளாயிற்றோ, கண்ணாடி முழுக்கத் தூசி. வண்ணாரப்பேட்டை பாலத்தடியில் நிழல் விழுந்ததும் அதில் என் முகம் தெரிந்தது. தூசியில் கன்னத்துக் குழியெல்லாம் கலைந்து, ஓரமெல்லாம் மங்கி, நல்ல முகமாக இருந்தது. யாரோ சின்ன வயதுக்காரன் மாதிரி. நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்திலிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். திரும்பி நடந்து போனேன்.

அண்ணாச்சிக்கு எண்பது ஆகிறது. காது நன்றாகக் கேட்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா ஏல" என்றார். "கேமரா ஒங்கிட்டதான் வரும்னு நெனச்சேன். தொறந்து பாத்துட்டியா?"

"பாத்தேன் அண்ணாச்சி."

"பச்சைப் பொட்டு?"

"இருந்துச்சு."

"நான் ஒரு நா கூட அதுல கை வைக்கலை. ஒன் கையெழுத்துல்லா." எதிரே இருந்த நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். "சிவப்புப் பொட்டு நான் வச்சதுதான். எம் பொஞ்சாதி நகப்பாலிஷ். மேல் கண்ணு காட்டுறத நம்பாம, அந்தப் பொட்டுக்குத் திருகி வச்சிட்டு, ஸ்டூல ஆறடியில போட்டா மொகம் நச்சுன்னு நிக்கும். அதக் கண்டுபிடிக்க ரெண்டு ரோலு வீணாச்சு."

"அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ சரி பண்ணிருப்ப."

ஒரு விக்கெட் விழுந்தது. அதைப் பார்த்து முடித்துவிட்டு அவர் தொடர்ந்தார். "ஊரே டச்சிங் டச்சிங்ன்னுச்சு. அந்த வருசம் நான் பென்சிலையே தொடலை ஏல. கண்ணாடிதான் எல்லாத்தையும் பாத்துக்கிச்சு. வடு, தழும்பு, பரு, ஒண்ணு தெரியாது. எந்த மூஞ்சியா இருந்தாலும் சரி."

எந்த மூஞ்சியாக இருந்தாலும் சரி என்று சொன்னபோது அவர் டிவியைப் பார்க்கவில்லை சார்.

உங்களை ரொம்ப நேரம் உட்கார வைத்துவிட்டேன். அந்தக் கண்ணாடியைச் சரியாகப் போட்டால் உங்கள் படங்கள் ஓரம்வரை துல்லியமாக விழும், மயிர்க்கால்கூடத் தெரியும். இருந்தபடியே போட்டால் என்ன விழும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டும் என்னால் முடியும். நேற்றிலிருந்து இரண்டு தடவை கையில் எடுத்தேன், இரண்டு தடவையும் துணியிலேயே வைத்துவிட்டேன். விளிம்பில் பென்சில் கோடும் இன்னும் போடவில்லை. நீங்கள் சொல்லுங்கள், அப்படியே பூட்டித் தருகிறேன். பொட்டும் வைத்துத் தருகிறேன்.

இரண்டாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை. ஊர் முன்னால் ஏன் சொன்னீர்கள் என்பதை. வாய்வரைக்கும் வந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்து நின்றுகொண்டது. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். அண்ணாச்சி ஏறெடுத்துப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது, நான் எதற்கு நிற்கிறேன் என்று. இருபத்தொன்பது வருஷமாக அந்தக் கேள்விக்காகவே காத்துக்கொண்டிருந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:

"அண்ணாச்சி, வெள்ளத்துக்குப் பொறவு என்னைய ஸ்டூல்ல உக்கார வச்சு ஒரு சோதனைப் படம் எடுத்தியள்லா, அத தச்சநல்லூருக்கு அனுப்ப எங்கம்மாவா வந்து வாங்கிட்டுப் போனா?"